நெல் அறையில் அழுதவள்

சடையப்பன் காலையில் ஆறரை மணிக்குச் செத்துப்போனார். பதினோரு மணி ஆகியும் ஒருவரும் அழவில்லை.

மகன் வினோத்குமாருக்கு அதுதான் பெரிய கவலை. ஐஸ் பெட்டி வந்துவிட்டது, பந்தல் போட்டாயிற்று, எதிர்வீட்டு ராஜாராமும் இன்னும் இரண்டு பேரும் கடமைக்கு வந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். அழுகைதான் வரவில்லை. அம்மா பவளம் எட்டு மாதம் பீ மூத்திரம் அள்ளிக் களைத்துப்போய், பெட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மனைவி வளர்மதிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு மூன்று நாளாக வெறும் காற்றுதான் வருகிறது. தெருப் பெண்கள் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் சடையப்பன் சண்டை போடாத வீடு அந்தத் தெருவில் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத் திருமுக்கூடல் அத்தை போன் செய்தாள். சடையப்பனுக்கு அக்கா.

"டேய் வினோது, கெளம்பிக்கினு கீறோம். இன்னாடா, சத்தமே காணோம்? இழவு வூடா, லைப்ரரியா?"

"அழுவுறாங்க அத்தை. நான் வெளிய நின்னுக்கினு கீறேன்."

"வந்து பாக்குறேன். என் தம்பி அநாதப் பொணமாட்டம் கெடந்தான்னு வையி, என் பசங்க பாடையத் தொடமாட்டானுங்க. சொல்லிட்டேன்."

வினோத்குமார் போனை வைத்துவிட்டுத் தோள்களை எண்ணினான். பாடை தூக்க நாலு தோள் வேண்டும். அத்தைக்கு நாலு பையன்கள். அவர்களை விட்டால் இந்தத் தெருவில் ஒருத்தனும் தோள் கொடுக்கமாட்டான். அப்பா நல்லவர் என்று அவனே சாட்சி சொல்லமாட்டான், ஆனாலும் அப்பா. நாலு மணிக்கு அவரை மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

அவனாவது அழுதிருக்கலாம். முக்கிப் பார்த்தான், வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்து தொலைத்தது.

ரைஸ்மில்லில் எடை போடும் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அவன் ஒரு மெல்லிசைக் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவன். இது தோளில் மாட்டுகிற கிட்டார் இல்லை. மடியில் படுக்கப் போட்டு, இரும்புக் கட்டை ஒன்றைக் கம்பிகள்மேல் வழுக்கி வாசிப்பது. மற்றவர்கள் கட்டையை நேராக வைத்து வழுக்குவார்கள். இவன் சும்மா இருப்பானா? கட்டையைச் சாய்ப்பான், கட்டைக்குப் பின்னால் கம்பியை விரலால் இழுப்பான், சுண்டுவிரலால் வால்யூமைத் திருகித் திருகி ஒலியை விம்ம வைப்பான். ஒரு கல்யாண வரவேற்பில் இப்படி விம்ம வைத்ததில் பெண்ணின் தாயார் அழ ஆரம்பித்து, சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை நிறுத்தவில்லை. அன்றைக்கே குழுவில் அவன் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

பழைய கிட்டாரை எடுத்துக்கொண்டு, நெல் மூட்டை அடுக்கியிருந்த பின்னறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டான். சின்ன ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பி, கட்டையைச் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்தான். ஸ்பீக்கருக்குள் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேம்பினாள்.

பந்தலில் பேப்பர்கள் மடிந்தன.

அத்தை வேனிலிருந்து இறங்கும்போதே சத்தம் கேட்டுத் திருப்தியாகி, மாரில் அடித்துக்கொண்டு தானும் ஆரம்பித்தாள். வினோத்குமார் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது வளர்மதி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா பண்ணி வெச்சிக்கீறீங்க?" என்று காற்றாகவே கேட்டாள். "ராஜாராம் அண்ணன் இன்னா சொல்றாரு தெரியுமா? இது இந்தத் தெருக் கொரலு இல்லியாம். நடு வயசுப் பொம்பளையாம். ரூம்ல பூட்டி வெச்சிக்கீறதப் பாத்தா, மாமாவோட சின்ன வூடுதானாம்."

வினோத்குமார் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். உண்மையைச் சொன்னால் அத்தை வேனைத் திருப்பிவிடுவாள். குரலைக் கிழவியாக்கிவிட்டால் யாரோ பெரியம்மா என்று விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டான். உள்ளே போய், இரும்புக் கட்டைக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளரைக் கம்பிமேல் அழுத்தித் தேய்த்தான். எழுபது வயதுக் கரகரப்பு அப்படியே வந்தது.

ஜன்னலுக்கு வெளியே ராஜாராம் போனில் பேசுவது கேட்டது.

"ஆமாம்பா, அவ ஆத்தாளும் கூட வந்துக்கீறா. மாமியாராச்சே, வராம இருப்பாளா?"

திடுக்கிட்டதில் டம்ளர் வழுக்கி, கம்பிகளின் கடைசி நுனியில் போய்க் கீச்சிட்டது.

"இரு இரு," என்றார் ராஜாராம். "கொழந்தையும் கீது."

மூன்று மணிக்குள் அவர் போன் அந்தச் செய்தியைப் பாலாற்றங்கரை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அத்தை அழுகையை நிறுத்திவிட்டாள். "என் தம்பி மானத்த வாங்கிட்டானே. டேய், வேன்ல ஏறுங்கடா" என்றாள். காலையிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பவளம் எழுந்து நின்றாள்.

"வாய்க்கரிசி நான் போடமாட்டேன். உள்ள கீறாளே, அவளே போடட்டும். எட்டு மாசமா எங்கடி போயிருந்தன்னு கேளு."

இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. வினோத்குமார் கிட்டாரையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு வந்து, ஐஸ் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"எல்லாரும் வந்து பாருங்க. அழுதது நான்தான்."

அறைக் கதவை விரியத் திறந்துவிட்டிருந்தான். உள்ளே நெல் மூட்டைகள்தான் இருந்தன. நடு வயதுக்காரியை வாசித்துக் காட்டினான். டம்ளரை எடுத்துக் கிழவியை வாசித்தான். குழந்தை தானாக வந்துவிட்டது என்றும் சொன்னான். ஒருவரும் நம்பாததால் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். கட்டையைச் சாய்க்கும்போது கையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. அவன் கண்ணீர்தான். அழுகை வந்துவிட்டது. எழுபத்தோரு வயதில் ஒருத்தருடைய அன்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்த அந்த மனிதரை நினைத்து வாய்விட்டு அழுதான்.

பவளம் ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் அப்படியே சாய்ந்தாள்.

"உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேனே. ஊரு பேச்சக் கேட்டுக்கினு, சாவு அன்னிக்கு உன்னப் பேசிட்டேனே" என்று அழ ஆரம்பித்தவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. அத்தையும் சேர்ந்துகொண்டாள். தெருப் பெண்கள் உள்ளே வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். ராஜாராம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வினோத்குமாரிடம் வந்தார்.

"தப்பாப் பேசிட்டேன்பா. உங்க நைனா சண்டக்காரருதான். அந்த விசயத்துல தங்கம். நானும் ஒரு தோளு குடுக்குறேன்."

நாலு மணிக்குப் பாடை தயார். பவளம் முந்தானையில் அரிசியை வாங்கிக்கொண்டு பெட்டி பக்கம் திரும்பினாள்.

வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண் மூச்சு வாங்க இறங்கினாள். கையில் ரோஜா மாலை. இங்கே யாரும் அவளைப் பார்த்ததில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக நெல் அறை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, வினோத்குமார் பக்கம் திரும்பினாள்.

"பழையசீவரத்துல இருந்து வரேன் தம்பி. இங்க வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். பதினெட்டு வருசமா நான் ஒருத்திதான்னு சொல்லிக்கினு இருந்தாரு, ரூம்ல பூட்டிக்கினு அழுதாளாமே, அவ யாரு?"