அண்ணாந்து பார்ப்பவர்

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வதில் சிரமமே இல்லை. கழுத்து பின்னால் சாய்ந்திருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும், ஒரு கை புருவத்துக்கு மேல் வெயில் மறைத்துக்கொண்டிருக்கும். ஊருக்குள் எங்கே தகரத் தடுப்பு அடித்து உள்ளே கிரேன் நிற்கிறதோ, அங்கே தடுப்புக்கு வெளியே இவர் நிற்பார். உள்ளே எழும்பும் கட்டடத்தில் இவருக்கு ஒரு செங்கல் சொந்தமில்லை, கம்பெனியில் ஒரு பங்கு இல்லை, கட்டி முடித்த பிறகு வாசல் காவலாளி இவரை உள்ளே விடப்போவதும் இல்லை. ஆனாலும் "நம்ம டவர்" என்பார். சொந்த மாமனாரை இந்த மனிதர் ஒருநாளும் "நம்ம" என்று சொன்னதில்லை. அவர் எப்போதும் "உங்க அப்பா"தான்.

நீங்கள் இவர்களைத் தெருமுனையில் பார்த்து ஒதுங்கிப் போயிருப்பீர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் அக்காவின் கணவர்.

அத்தான் குளியலறை ஓடு விற்கும் கடையில் மேற்பார்வையாளர். ஓட்டை விரல் நுனியால் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அக்கா, வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். இரண்டு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஒரு மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேஜை, சுவரில் வரிசையாகத் தொங்கும் பள்ளிச் சீருடைகள். அந்தக் கடையில்தான் வீடு ஓடுகிறது என்பது அத்தானைத் தவிர எல்லோருக்கும் தெரியும். டவர் முப்பத்தெட்டு மாடி, கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. இரண்டில் எது பிழைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

டவர் கட்ட வந்தவர்களுக்கு நகரசபை மூன்று வருடம் சொத்து வரியே வேண்டாம் என்றது. மூன்றாம் வருட முடிவில் உள்ளே அறுநூறு பேர் வேலை பார்த்தால், இன்னும் பத்து வருடம் வேண்டாம் என்றது. செய்தித்தாளில் இதைப் படித்த அன்று அத்தான் தாமே கையெழுத்துப் போட்டு அந்தச் சலுகையைக் கொடுத்தவர் மாதிரி வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"அவங்களுக்கு மட்டும் எதுக்குங்க வரி வேண்டாம்?" என்று அக்கா கேட்டாள், பல்லிடுக்கில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே.

"இல்லன்னா பக்கத்து ஊருக்குப் போயிடுவாங்க."

"நாமளும் போயிடுவோம்னு சொல்லிப் பாருங்களேன். விடறாங்களான்னு பாப்போம்."

"உனக்கு இதெல்லாம் புரியாது. இது செலவு இல்ல, முதலீடு."

பக்கத்து ஊர். இந்த இனத்தை ஆட்டிவைக்கும் பூச்சாண்டி அதுதான். பெற்ற பிள்ளை வெளிநாட்டுக்குப் போய்விடுவான் என்று இவர் பயந்ததில்லை, கட்டியவள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று பயந்ததில்லை, முன்பின் தெரியாத ஒரு கம்பெனி முப்பத்தெட்டு மாடியையும் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து ஊருக்கு நடந்துவிடும் என்றுதான் பயந்தார். பக்கத்து ஊரில் இவரைப் போலவே ஒருவர் இதே பயத்தோடு உட்கார்ந்திருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றினால் அவர் ஏன் இந்த இனத்தில் இருக்கப்போகிறார்?

பேரம் பேசத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கட்டுக் கீரைக்குக் கால்மணி நேரம் வழக்காடி, கடைசியில் கறிவேப்பிலையும் சேர்த்து வாங்கிவருகிற மனிதர். ஆனால் கோட்டுப் போட்டவர் எதிரே நின்றால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, மிச்சமும் வேண்டாம் என்பார்.

கட்டப்போகும் டவரின் மாதிரியை நகரசபைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பஞ்சு மரங்கள், விரல் நக அளவு கார்கள், அரை அங்குல உயரத்தில் சிரித்துக்கொண்டு நடக்கும் மனிதர்கள். அத்தான் அக்காவைக் கையோடு அழைத்துப் போய்க் காட்டினார். அவள் பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம வீடு இருக்கிற இடத்துல புல்லு இருக்கு."

"மாடல்தானே. எல்லாத்தையும் வைக்க முடியுமா?"

"தெருவையே காணோங்க."

"பசுமையா இருக்கு பாரு" என்றார் அத்தான்.

டவர் எழும்பியது. அதன் குளியலறைகளுக்கு ஓடு கேட்டு அத்தானின் முதலாளி மூன்று தடவை நடந்தார், உள்ளூர் ஓடு ஒத்துவராது என்றுவிட்டார்கள். ஓடுகள் கப்பலில் வந்தன. லாரியிலிருந்து இறக்கும்போது அத்தான் அரைநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு போய், ஒன்றை வாங்கித் தட்டிப் பார்த்து, "நல்ல சரக்கு" என்று நற்சான்று கொடுத்துவிட்டு வந்தார். தங்கள் கடையை வேண்டாம் என்றவர்களுக்கு இலவசமாகத் தரம் பார்த்துக் கொடுக்கும் ரோஷமற்ற தன்மையை வேறு எந்த உயிரினத்திடமாவது நீங்கள் பார்த்ததுண்டா?

முப்பத்தெட்டு மாடியும் முடிந்து, கண்ணாடி போட்டு, திறப்பு விழாவும் நடந்தது. யாரும் குடிவரவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு வங்கி, பணம் எடுக்கும் இயந்திரம், இரண்டு காவலாளிகள், அவ்வளவுதான். ஆறு மணிக்கு மேல் வங்கி விளக்கை அணைத்துவிட்டால் கட்டடம் கரியாகத் தெரியும். தெருவில் யாராவது கேட்டால் அத்தான், "பெரிய கம்பெனிங்க எல்லாம் நிதானமாத்தான் வரும்" என்பார். அவருக்குத் தெரிந்து நிதானமாக வந்தது எங்கள் தெருவுக்கு உடைந்த சாக்கடை மூடிக்கு மாற்று மூடி மட்டும்தான். அதுவும் இன்னும் வந்துசேரவில்லை.

மூன்றாம் வருடம் முடியப்போகும் சமயம், டவரின் மேலாளர் அத்தானைத் தேடி வீட்டுக்கே வந்தார். டை கட்டிய மனிதர் வாசலில் நிற்கிறார் என்றதும் அத்தான், சீருடை தைக்கக் கொடுக்க வந்திருந்த ஒரு தாயை எழுப்பி, அந்த நாற்காலியை அவருக்குப் போட்டார். நகரசபையிலிருந்து ஆள் எண்ண வருகிறார்கள், குடிவரவேண்டிய கம்பெனிகள் வழியில் இருக்கின்றன, ஒரே ஒருநாள் மட்டும் நல்ல சட்டை போட்ட ஆட்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். அத்தான் தெருத்தெருவாகப் போய் இருநூறு பேர் சேர்த்தார். அவருடைய கல்யாணத்துக்கே அவர் இத்தனை பேரை அழைக்கவில்லை.

அன்று ஒன்பதாவது மாடியில் நடந்ததைக் கேளுங்கள். எல்லோர் கழுத்திலும் அட்டை, எல்லோர் எதிரிலும் கணினித் திரை. திரைகளின் வயரெல்லாம் சுருட்டி ரப்பர் போட்டு மேஜைக்கடியில் கிடந்தது. அணைந்த திரையைப் பார்த்து இருநூறு பேர் தட்டச்சு செய்தார்கள். எண்ண வந்தது கண்ணாடி அணிந்த ஓர் அம்மையார், கையில் அழுத்தினால் எண் கூடும் சின்னக் கருவி. தலைக்கு ஒரு அழுத்தாக வந்தவர், அத்தானிடம் நின்றார்.

"உங்களுக்கு என்ன வேலை சார்?"

"வளர்ச்சிப் பிரிவுங்க."

எழுதிக்கொண்டார். அவர் மேலாளர் அறையில் டீ குடித்து முடிப்பதற்குள் இருநூறு பேரையும் சரக்கு லிஃப்டில் பத்தொன்பதாவது மாடிக்கு ஏற்றினார்கள். அங்கே நாற்காலிகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள், முதுகு மட்டும் தெரிகிறபடி. பிறகு இருபத்தொன்பதாவது மாடி. அங்கேயும் முதுகுதான். ஆக அறுநூறு பேர். சாப்பாட்டுப் பொட்டலமும் ஒரு பேனாவும் கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அத்தான் அந்தக் கழுத்து அட்டையை ஒரு வாரம் கழற்றவில்லை.

டவருக்கு இன்னும் பத்து வருடம் வரி இல்லை என்றானது. அடுத்த மாதம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கடிதம் வந்தது. அருகே உயர்ந்த அலுவலகக் கட்டடம் இருப்பதாலும், அதில் அறுநூறு பேர் வேலை பார்ப்பதாலும் தெருவின் மதிப்பு கூடிவிட்டதாம், ஆகவே வரி மூன்று மடங்காம், வீட்டில் கடை வைத்திருந்தால் அதற்குத் தனியாம்.

"பாத்தியா, நம்ம தெருவுக்கு மதிப்பு கூடிருச்சு" என்றார் அத்தான்.

"பாவாடைக்கு ஓரம் அடிக்கிற கூலியை நான் மூணு மடங்கா கேட்டா தருவாங்களா?" என்றாள் அக்கா. "இதைக் கட்டினா கடையை மூட வேண்டியதுதான்."

கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. டவரால் எந்த வருமானமும் இல்லாத வீடுகள் மனு கொடுத்தால் பழைய வரியே போதும். அக்கா அதை நாலு தடவை படித்தாள். மறுநாள் காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டு, அத்தானையும் என்னையும் அழைத்துக்கொண்டு நகரசபைக்குப் போனாள். மனு வாங்கும் சாளரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது ஆள் எண்ண வந்த அதே அம்மையார்.

"உங்க வீட்டுல யாராவது டவர்ல வேலை பாக்கறாங்களா?"

"யாரும் இல்லம்மா" என்றாள் அக்கா.

அந்த அம்மையார் நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார். "சார், உங்கள எனக்குத் தெரியுமே. ஒன்பதாவது மாடி, வளர்ச்சிப் பிரிவு." பேனாவைக் கீழே வைத்தார். "அங்க வேலை பாக்கலைன்னா இப்பவே சொல்லுங்க சார். இந்த மனுவை ஏத்துக்கறேன். அந்த எண்ணிக்கையையும் திருத்தி எழுதறேன்."

இதைவிட நல்ல வாய்ப்பை ஒரு மனிதனுக்குக் கடவுள்கூடக் கொடுக்க மாட்டார். ஒரே ஒரு "இல்லை". அக்கா அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்தச் சட்டையும் அவள் தைத்ததுதான்.

"பாக்கறேங்க" என்றார் அத்தான். "ஒன்பதாவது மாடிதான்."

வெளியே படியில் இறங்கும்போது அக்கா ஒரே வார்த்தை கேட்டாள். "ஏன்?"

"நான் இல்லன்னு சொன்னா அவங்க பக்கத்து ஊருக்குப் போயிடுவாங்க."

இரண்டே மாதத்தில் கடை மூடியது. ஒரு மெஷினும் ஓரம் அடிக்கும் மெஷினும் விலைக்குப் போயின, மிஞ்சிய ஒன்று அடுப்படியில் இருக்கிறது. தாளிப்பு வாசனை ஏறிய சீருடையை எந்தத் தாய் வாங்குவாள்? முன்னறை காலியாகிவிட்டதால் அங்கிருந்து டவர் நன்றாகத் தெரிகிறது என்று அத்தானுக்குச் சந்தோஷம். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. போன வாரம் மத்தியானம் அவர் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, அக்கா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "ஒன்பதாவது மாடியில போட்டிருப்பாங்க, அங்க போய்ச் சாப்பிடுங்க."

இப்போது நீங்கள் அத்தானைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் சாளரத்தில் நடந்ததில் ஒரு துண்டை நான் விட்டுவிட்டேன். திரைகளின் வயர் மேஜைக்கடியில் சுருட்டிக் கிடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்களும் கேட்கவில்லை. அத்தான் பதில் சொன்ன பிறகு அந்த அம்மையார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களும் இவருக்குப் பக்கத்து நாற்காலிதானே? நீங்களாவது சொல்லுங்க" என்றார். அக்காவும் என்னைப் பார்த்தாள்.

நான் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருநூறு பேர் அன்று உட்கார்ந்திருந்தோம். எல்லோர் முகமும் எனக்கு நினைவில் இல்லை, பல பேருக்கு முதுகுதான் தெரிந்தது. நீங்கள் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் வீட்டில் ஒரு பேனா இருக்குமே, எங்கே எதற்குக் கொடுத்தார்கள் என்று நினைவுக்கு வராத பேனா, அதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அப்படியே பிடரியையும் ஒருதரம் தடவிப் பாருங்கள், வலிக்கிறதா என்று.