கிள்ளியர் தொடாமல் வாங்கிய தக்காளி

தொட்டுப் பார்க்காமல் கிள்ளியர் நம்பிய பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்றுமே இல்லை. அவர் கோயில் பக்கம் போகாததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே ஐயர் கிட்ட விடமாட்டார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் வருமானவரிக்காரருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் கிள்ளியர். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், அஜின்கோர்ட் பக்கம் இருக்கிற தமிழ்க் கடைக்குள் அவர் நுழைந்து இரண்டு நிமிடத்தில் வெண்டிக்காய்ப் பெட்டியில் இருந்து டக், டக், டக் என்று சத்தம் வரும். நுனி முறிந்தால் பிஞ்சு, வளைந்தால் முத்தல். இந்தச் சாத்திரம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாங்கள் வாங்கப்போகிற ஒரு இறாத்தலை முறிப்போம். கிள்ளியர் பெட்டி முழுவதையும் முறிப்பார். முருங்கைக்காயை முறுக்குவார், தேங்காயைக் காதடியில் வைத்து ஆட்டுவார், புடலங்காயில் நகத்தால் ஒரு பிறை போடுவார். பொறுத்துப் பார்த்த கடைக்காரர் ஒருநாள் ‘வெண்டிக்காய் முறிக்க வேண்டாம்’ என்று ஒரு மட்டையில் எழுதி ஒட்டினார். கிள்ளியர் அதை ஆறுதலாக வாசித்தார். நல்ல வேலை, விளங்காத சனம் சும்மா முறிச்சுப் பழுதாக்குதுகள் என்று கடைக்காரரைப் பாராட்டிவிட்டு, அந்த மட்டைக்குக் கீழேயே நின்று மிச்சத்தையும் முறித்தார்.

கலியாணம் கட்டவில்லை. வெக்ஸ்போர்டில் ஒரு வீட்டுக்குக் கீழே வாடகைக்கு ஒரு பேஸ்மென்ற். அதற்குள் ஒரு கட்டில், ஒரு ரீவி, கறி வைக்கிற ஒரு பெரிய இரும்புத் தாச்சி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தாச்சி அவருடைய காரின் முன் சீற்றில் பெல்ற் கட்டிக்கொண்டு மோர்னிங்சைட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரும். அவர் சமைப்பார், நானும் என் மனைவி மலரும் எங்கள் கூட்டாளி பாலனும் சாப்பிடுவோம். பாலன் சுடுதண்ணி வைப்பதற்கும் போனில் வீடியோ தேடுகிற ஆள். கிள்ளியரின் நண்டுக் கறி இல்லாவிட்டால் நாங்கள் நாலு பேரும் இத்தனை வருடம் கூட்டாளிகளாக இருந்திருப்போமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு உலகம் முழுக்க முகமூடி போட வைத்த அந்தத் தொற்று வருத்தம் அவருக்கும் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. மூக்குக்கு மணம் மட்டும் திரும்பி வரவில்லை. இஞ்சி, கற்பூரம், டொக்டர் தந்த மருந்து, ஒன்றும் சரிவரவில்லை.

“மணம் இல்லாட்டி உருசியும் இல்லைத் தம்பி. றொட்டியும் ஒண்டுதான், அதைச் சுத்தின பேப்பரும் ஒண்டுதான்” என்றார்.

சமையலை நிறுத்தினார். சனிக்கிழமைகளில் கடையில் இருந்து அலுமினிய ட்ரே வந்தது. கிள்ளியர் ஒரு மூலையில் இருந்து கொத்து றொட்டியை விரலால் அமத்திப் பார்ப்பார், பிறகு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பார். கிள்ளுவது மட்டும் இரண்டு மடங்காகியது. மூக்கு விட்ட வேலையையும் விரல்தான் பார்த்தது.

இப்படி மூன்று வருடம் போன பிறகுதான் பாலன் இத்தாலிக்கு ரிக்கெற் போட்டான். கோடை விடுமுறைக்கு ஒரு கிழமை, மலை மேல் ஒரு சின்ன ஊர், வாடகைக்கு ஒரு வீடு. கிள்ளியர் வரச் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

“அங்கத்தைச் சாமான் நல்லா மணக்குமாம். அதுவும் எனக்கு மணக்கேல்லையெண்டா இனிச் சமையலே இல்லை. திரும்பி வந்தவுடன தாச்சியை நீ கொண்டு போ, பாலன்.”

தாச்சி பாலனிடம் போவது என்றால் அதில் அவன் பூக்கன்று வைப்பான். எங்கள் சனிக்கிழமைகளுக்கு அத்தோடு மங்களம். மலர் அன்றிரவு சரியாக நித்திரை கொள்ளவில்லை.

அந்தக் கிழமை உண்மையில் நடந்ததா, நான் மத்தியான நித்திரையில் கண்டதா என்று இப்போதும் எனக்குப் பிடிபடுவதில்லை. காலையில் மணிச்சத்தம் கேட்கும். எந்தத் திசையில் இருந்து என்று தெரியாது. வெயில் சுவரில் மெல்ல மெல்ல இறங்கி வரும். ஒரு மணிக்கு ஊர் முழுக்கக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடும். நாங்களும் வேறு வழியில்லாமல் படுத்தோம். ஷிப்ற் ஷிப்றாக வேலை செய்து பழகிய எங்கள் உடம்புக்கு அது என்னவென்றே முதலில் விளங்கவில்லை. மூன்றாம் நாள் விளங்கியது. பிறகு எழும்ப மனம் வரவில்லை.

புதன்கிழமை தெருச் சந்தை. வீட்டுக்காரப் பெண் போனில் மொழிபெயர்த்துக் காட்டி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். மரக்கறியில் கை வைக்கக் கூடாது. வேண்டியதைச் சொன்னால் விற்கிறவர்களே எடுத்துத் தருவார்கள்.

“தொடாமல் வாங்கிறதோ? போட்டோவைப் பாத்துக் கலியாணம் கட்டச் சொன்னாங்கள் எண்டுதானே நான் கட்டவே இல்லை” என்றார் கிள்ளியர்.

மலர் கெட்டிக்காரி. அவருடைய இரண்டு கையிலும் இரண்டு பையைக் கொடுத்துவிட்டாள்.

ஒடுங்கிய தெரு முழுக்க வெள்ளைத் துணிக் கூரைகள். அதனூடாக வந்த வெளிச்சத்தில் எல்லோரும் பாலில் குளித்தவர்கள் போல இருந்தார்கள். முலாம்பழம், பீச், நாங்கள் பெயர் அறியாத கீரைகள். ஒருவருக்கும் அவசரம் இல்லை. எனக்கு வாசம் மூக்கைத் துளைத்தது. பாலன் கண்ணை மூடிக்கொண்டே நடந்தான். கிள்ளியர் ஒவ்வொரு மேசையிலும் குனிந்து மூச்சை இழுத்தார், நிமிர்ந்தார், இல்லையென்று தலையை ஆட்டினார். பதினொரு மேசை முடிந்தது. பாலன் தாச்சியை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கியிருப்பான்.

பன்னிரண்டாவது மேசையில் போஞ்சி, பச்சைப் பீன்ஸ். எப்போது பையைக் கீழே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. பார்த்தபோது போஞ்சி அவருடைய கையில் இருந்தது. வளைத்தார். அது முறியவில்லை.

“முத்தல்” என்றார் கிள்ளியர்.

மேசைக்குப் பின்னால் இருந்த அன்ரிக்கு அறுபது வயது இருக்கும், முன்னால் பெரிய ஏப்ரன். அவ சுற்றிக்கொண்டு வந்து அவருடைய புறங்கையில் பட்டென்று ஒன்று போட்டா. பிறகு இத்தாலி மொழியில் ஏசத் தொடங்கினா. கிள்ளியர் யாழ்ப்பாணத்துத் தமிழில் பதில் சொன்னார். ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் இருவரும் மூச்சுவிட முறை வைத்துச் சண்டை பிடித்தார்கள். சனம் கூடிவிட்டது. நான் அவரைத் தெரியாத ஆள் மாதிரிப் பீச் பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கிள்ளியர் கடைசியில் பேச்சை விட்டுவிட்டு, அந்தப் போஞ்சியின் முதுகில் இருந்து நாரை நீளமாக உரித்து, அன்ரியின் முகத்துக்கு நேரே பிடித்தார். அவ அந்த நாரைத் தொட்டுப் பார்த்தா. இன்னொரு போஞ்சியை எடுத்துத் தானே வளைத்தா. அதுவும் முறியவில்லை. முகம் சிவந்தது. மெல்லத் திரும்பி, தராசடியில் சும்மா நின்ற புருசனுக்குக் கொடுத்தா பாருங்கள் ஒரு ஏச்சு, கிள்ளியர் வாங்கியதெல்லாம் அதன் பக்கத்தில் தாலாட்டு.

அதற்குப் பிறகு அவ செய்ததை நான் மறக்கமாட்டேன். மேசைக்குக் கீழே இருந்து தனக்கென்று வைத்திருந்த பெட்டி ஒன்றை இழுத்தா. கொடியும் இலையுமாகத் தக்காளி. ஒரு இலையைக் கிள்ளி, பெருவிரலால் கசக்கி, கிள்ளியரின் மூக்கடியில் பிடித்தா. உலகத்தில் இன்னொரு கிள்ளியர் இருக்கிறா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் கண்ணை மூடினார். மூச்சை உள்ளுக்கு இழுத்தார்.

“தம்பி, என்னவோ வருகுது. நல்ல தூரத்தில. ஆரோ புல்லு வெட்டுற மாதிரி.”

அடுத்த நிமிடம் போய்விட்டது என்றார். ஆனாலும் நாலு கிலோ தக்காளி வாங்கினார், ஒன்றைக்கூடத் தொடாமல். அன்ரி எடுத்து வைத்ததை அப்படியே பையில் வாங்கினார். முப்பது வருடப் பழக்கத்தில் நான் அவரை அப்படிக் கண்டதில்லை.

ஊர் திரும்பியதும் தாச்சி மறுபடி பெல்ற் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் சனிக்கிழமை உப்புக் கூடியது. அடுத்ததில் புளி. மூன்றாவதில் என்ன கூடியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாலன் என் காதுக்குள், சந்தையில மணந்தது எண்டது பொய், எங்கட வாடின முகத்தைப் பார்த்துத்தான் சொன்னவர் என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. மலர் மட்டும் எங்கள் இருவரையும் முறைத்தாள்.

நாலாவது சனிக்கிழமை, தாளிக்கச் சொல்லி மலரிடம் விட்டுவிட்டுக் கிள்ளியர் வீட்டுக்குப் பின்னால் வளவுத் தோட்டத்துக்குள் போனார். மலரின் பூசணியை நகத்தால் சோதிக்கிற வேலை அவருக்கு அங்கே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அடுப்படியில் நின்று அவர் பொய் சொன்னாரா இல்லையா என்று சண்டை பிடித்தோம். திடீரென்று யன்னலுக்கு வெளியே இருந்து, நிமிராமலே, அவருடைய குரல் வந்தது.

“பிள்ளை, வெந்தயம் கருகுது.”

மூன்று பேரும் தாச்சியைப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற எங்களுக்கே அந்த மணம் தெரியவில்லை. மலர் அடுப்பை நிப்பாட்டக் கையை நீட்டினாள், நீட்டியபடியே அழுதுவிட்டாள். பாலன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒருவரும் அடுப்பைத் தொடவில்லை. வெந்தயம் முழுவதும் கருகியது.

அவ்வளவு கசப்பான குழம்பை நான் என் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.