ஆறிப்போன ஜெர்மனி

ஜெர்மனி என்கிற தேசத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, ராயபுரத்தில் ஒரு காம்பவுண்டின் மாடிப்படிக்குக் கீழே இறக்கி, மசாலா தடவி, பொரித்து, ஆற வைத்துப் பரிமாறிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கடைக்காரருக்கு அது தெரிந்திருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் 'ஆம்பர்க்கு'.

இளம் வயதில் சரக்குக் கப்பலின் சமையல்கட்டில் வேலை பார்த்தவர். அந்தக் கப்பல் ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போயிருக்கிறது. வேறு எத்தனையோ ஊர்களுக்கும் போயிருக்கும். அவற்றையெல்லாம் அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பேச்சு எங்கே புறப்பட்டாலும் ஹாம்பர்க்கில் போய்த்தான் நங்கூரம் பாய்ச்சும். தண்ணீர் லாரி வரவில்லை என்றால், "ஆம்பர்க்குல இந்தப் பேஜாரே கெடையாது." கரண்ட் போனால், "ஆம்பர்க்குல பகல்லயே லைட்டு எரியும்." காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் எல்லம்மா எங்கள் பக்கத்து வீடு. வஞ்சிரம் விலை ஏறிவிட்டது என்று அவர் புலம்பினால் அதற்கும் ஹாம்பர்க்தான்.

"அப்ப அங்கயே குந்திகினு கீறதுதான? இங்க இன்னாத்துக்கு வந்த?" என்பார் எல்லம்மா.

"நான் இல்லாங்காட்டி உங்களுக்கெல்லாம் யாரு எடுத்துச் சொல்றது?"

ஹாம்பர்க் போனதற்கு அவரிடம் ஒரே ஒரு அத்தாட்சி இருந்தது. மாடிப்படிக்குக் கீழே அவர் குடியிருந்த அறையின் சுவரில், காலண்டர் ஆணியில் நூல் கட்டித் தொங்கும் ஒரு மர முள்கரண்டி. விரல் நீளம்கூட இருக்காது, இரண்டே பல். அதைக் காட்டித்தான் அந்தக் கதையை ஆரம்பிப்பார். இறைச்சியைக் கொத்தி, குடலில் அடைத்து, பொரித்து, துண்டு போட்டு, மேலே தக்காளி சாஸும் கறிப்பொடியும் போட்டு ஜெர்மன்காரன் தெருவில் வைத்து விற்கும் பண்டம். அதற்கு 'கறிவூஸ்ட்டு' என்று பெயராம். "ஒரே தபா துன்னேன், வாத்யாரே. நம்ம தோஸ்து ஒருத்தன், மலையாளத்தான், இஞ்சின் ரூம்புல வேல, அவந்தான் வாங்கியாந்தான். அந்த ருசி இன்னும் இங்க குந்திகினு கீது" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டுவார்.

ஜெர்மானியர்களைப் பற்றி அவரிடம் வேறு தகவல்களும் உண்டு. "பத்து பேர்ல ஆறு பேரு வழுக்க. உச்சில முடியே நிக்காது. தொப்பி போட்டவன் மட்டும் தப்பிச்சான்."

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இதையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டபடி நிம்மதியாகத்தான் இருந்தேன், என் மகள் மலருக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை.

பெண்ணுக்கு அயல்நாட்டில் இடம் கிடைத்தால் மற்ற அப்பாக்கள் இனிப்பு வாங்குவார்கள். நான் ஒரு கிலோ வெந்தயம் வாங்கினேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. எதையாவது வாங்கிக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. என் பயத்துக்குக் காரணம் இருந்தது. கோயம்புத்தூர் விடுதியில் படித்தபோது சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், சாப்பிடாமலேயே கிடந்து, மஞ்சள் காமாலை வந்து, எலும்பும் கண்ணுமாக அவளை ரயிலில் படுக்க வைத்துக் கூட்டி வந்தோம். அந்த ரயிலின் ஆட்டம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. கோயம்புத்தூரே அவளை அப்படி ஆக்கியதென்றால் ஜெர்மனி என்ன செய்யும்? அங்கே ரயிலில் போய்க் கூட்டி வரவும் முடியாது.

அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். "அந்த ஊர்க்காரன் சாப்பிடற ஏதாவது ஒண்ணை என் கண் முன்னால வயிறார சாப்பிட்டுக் காட்டு. அப்புறம் போ."

"அப்பா, ராயபுரத்துல ஜெர்மன் சாப்பாட்டுக்கு எங்க போவேன்?"

கேட்ட பிறகுதான் இருவரும் ஒரே நேரத்தில் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். கீழே ஆம்பர்க்கு ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பேசுவது காம்பவுண்டு முழுக்கக் கேட்கும்.

முதல் சிக்கல் இறைச்சி. ஜெர்மன்காரன் அடைப்பது பன்றிக்கறியாம். பன்றி என்றால் அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது என்றாள் என் மனைவி வசந்தா. ஆம்பர்க்கு ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, ஏதோ பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர்போல, "பாப்பாக்கோசரம் ஆட்டுக்கறின்னு வெச்சிக்கலாம். ஜெர்மன்காரன் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். புளியந்தோப்புக்குப் போய் ஆட்டுக்குடல் வாங்கி வந்து, உப்பும் மஞ்சளும் போட்டு உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிக் கழுவினார். காம்பவுண்டுப் பூனைகள் அத்தனையும் குழாயடியில் பொதுக்கூட்டம் போட்டன.

இரண்டாவது சிக்கல், அரைத்த இறைச்சியைக் குடலுக்குள் அனுப்புவது. அதற்கு ஜெர்மனியில் மெஷின் உண்டாம். அவர் எங்கள் வீட்டு அடுப்பங்கரையை ஒரு நோட்டம் விட்டார். கண் முறுக்கு அச்சில் போய் நின்றது.

"அத மட்டும் கேக்காதீங்க, அண்ணே. தீபாவளிக்கு சாமிக்குப் படைக்கிற முறுக்கு அதுல" என்றாள் வசந்தா.

"சாமிக்கு இன்னாம்மா தெரியப் போவுது? சுடுதண்ணில கழுவிக் குடுத்துர்றேன்."

"எனக்குத் தெரியுமே!"

கடைசியில் எல்லம்மாவின் முறுக்கு அச்சு வந்தது. அவர் படைக்கும் சாமி கறி சாப்பிடும் சாமி. அச்சின் வாயில் குடலின் நுனியை மாட்டி ஆம்பர்க்கு அழுத்த, மறுமுனையை நான் பிடித்துக்கொள்ள, நடுவில் மலர் நூலால் கட்டிக்கொண்டே போக, பார்ப்பதற்கு மூன்று பேர் சேர்ந்து தீயணைப்பு வண்டிக் குழாய் பிடிப்பது போலத்தான் இருந்தது. முதல் குடல் கிழிந்து சுவரில் அடித்தது. இரண்டாவது என் மூக்குக் கண்ணாடியில். மூன்றாவது நின்றது.

சாஸ் காய்ச்சும்போது எல்லம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னாய்யா இது, காமால வந்தவன் மாரி மஞ்சளா, இனிப்பா கீது? ஒரு கரண்டி மொளகாத்தூள் போடு."

"தோ பாரு. நீ போடறது மசாலா. இது கறிப்பொடி. கறிப்பொடின்னா இன்னானு ஜெர்மன்காரனுக்குத்தான் தெரியும். நமக்கெல்லாம் அந்த அறிவு பத்தாது."

இரண்டாயிரம் வருஷமாக உலகத்துக்கே மிளகு அனுப்பிய நாட்டில் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னார்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் எல்லம்மா ஒரு கரண்டி மிளகாய்த்தூளைப் போட்டுவிட்டார் என்பது ஆம்பர்க்கைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பொரிக்கிற நாளில்தான் நான் மானத்தை இழந்தேன். எங்கள் பகுதியில் குடியிருப்பவர்கள் மூக்கை நம்பி வாழ்பவர்கள். வடக்கே எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வந்தால் இன்றைக்கு என்ன வாசனை என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துணி காயப்போடுவோம். எந்த ஆலையில் எப்போது என்ன வெடிக்குமோ என்ற கவலையில் நான் ஒரு பை தயாராக வைத்திருந்தேன். ஈரத் துண்டு, டார்ச், மலரின் மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட். அன்று கீழே ஆம்பர்க்கு, ஊசியால் குத்தாமலேயே அந்தக் குழல்களைக் காயும் எண்ணெயில் போட்டிருக்கிறார். உள்ளே காற்று விரிந்தது. டமார்!

நான் பையைத் தூக்கிக்கொண்டு, மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, "எல்லாரும் கடற்கரைக்கு ஓடுங்க!" என்று கத்தியபடி தெருவுக்கு வந்துவிட்டேன். மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு வந்திருந்தேன். பாஸ்போர்ட் பத்திரமாக இருந்தது. கீழே இரண்டாவது டமார். ஆம்பர்க்கு தலையில் கொத்துக்கறியோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னா வாத்யாரே, எங்க கெளம்பிட்ட? துன்னுட்டுப் போ."

அப்புறம் ஊசியால் குத்திப் பொரித்தார். பொன்னிறமாக வந்தது. வட்ட வட்டமாக வெட்டி, தட்டில் பரப்பி, சாஸை ஊற்றி, கறிப்பொடியைத் தூவினார். காம்பவுண்டே எச்சில் ஊறிக்கொண்டு நின்றது. எல்லம்மா கை நீட்டினார். ஆம்பர்க்கு அந்தக் கையைத் தட்டிவிட்டு, தட்டைக் கொண்டுபோய் ஃபேனுக்குக் கீழே வைத்தார்.

"ஆறட்டும்."

"சூடா துன்னாத்தான்யா நல்லா இருக்கும்!"

"யாரு சொன்னது? கறிவூஸ்ட்ட ஆற வெச்சித்தான் துன்னணும். ஜில்லுனு இருக்கணும். நான் துன்னதே அப்டித்தான்."

காரணம் கேட்டேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "நீ சைன்ஸ் வாத்யாரு. அங்க வெளிய ஐஸ் மாரி குளுரு. உள்ள சூடா போனா பல்லு இன்னா ஆவும்? ஐஸ் தண்ணி வெச்ச கண்ணாடி கிளாஸ்ல வெந்நி ஊத்து பாக்கலாம்."

பல வருடங்களாக வெப்ப விரிவு நடத்துகிறவன் நான். அந்த விளக்கத்தில் எனக்கு ஒரு பிழையும் தென்படவில்லை.

கொழுப்பு உறைந்து, சாஸ் மேலே ஆடை படிந்த பிறகு தட்டு வந்தது. எல்லோருக்கும் நுனி பிளந்த ஐஸ் குச்சி. மலருக்கு மட்டும் ஆணியிலிருந்து இறங்கிய அந்த மர முள்கரண்டி. நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். ஒரு சுருக்கம், ஒரே ஒரு சுருக்கம் விழுந்தால் போதும். டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம், அண்ணா சாலையிலேயே ஒரு நல்ல வேலை பார்த்துவிடலாம்.

மலர் ஒரு துண்டைக் குத்தினாள். மென்றாள். ஃபேன் சுற்றியது. இன்னொரு துண்டைக் குத்தினாள். தட்டு காலியாகும்வரை அவள் நிமிரவே இல்லை. பிறகு, "ஆம்பர்க்கு மாமா, இன்னும் இருக்கா?" என்றாள்.

ஆம்பர்க்கு என்னைப் பார்த்தார். பக்கத்து ஊரை ஜெயித்த கபடிக் கோஷ்டித் தலைவன் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் போய் டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். நான் கேட்பது ஒரே கேள்வி. "சாப்பிட்டியாம்மா?" அவள் சொல்வதும் ஒரே பதில். "சாப்பிட்டேன்ப்பா." கோயம்புத்தூரிலும் இதையேதான் சொன்னாள் என்பதால் எனக்கு அதில் துளி நம்பிக்கை இல்லை. ஆம்பர்க்கு இஸ்திரி போட்ட சட்டையோடு, எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு, போனுக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார். "கேளு வாத்யாரே, துன்னுச்சான்னு கேளு" என்பார். அவள் அங்கே கறிவூஸ்ட்டை இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஒரு ஞாயிறு அவளே ஆரம்பித்தாள். "அப்பா, இன்னிக்கு ஸ்டேஷன் பக்கத்துல அந்தக் கறிவூஸ்ட் வாங்கினேன்."

"சாப்பிட்டியா?"

"கொதிக்கக் கொதிக்கக் குடுக்கறாங்கப்பா! நாக்கு வெந்துபோச்சு. எல்லாரும் சூடாத்தான் சாப்பிடறாங்க. அப்புறம்ப்பா, இங்க யாருக்கும் அவ்வளவா வழுக்கையே இல்ல. எல்லாருக்கும் நல்லா முடி இருக்கு."

ரிசீவரைப் பிடித்தபடியே எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. ஒரு மனிதன் உலகத்தில் எல்லோருடைய உச்சந்தலையையும் பார்க்க வேண்டுமென்றால் அவன் கப்பல் தளம் மாதிரி ஓர் உயரத்தில் நிற்க வேண்டும். கப்பல் கரையில் நின்றாலும் அதிலிருப்பவர்களுக்கு மூன்று வேளை சமைத்துப் போட ஒருவன் இருந்தாக வேண்டும். இஞ்சின் அறை நண்பன் வாங்கி வருவான். துறைமுக வாசலிலிருந்து அந்தக் குளிரில் நடந்து, கப்பல் ஏணியில் ஏறி, அது அவன் கைக்கு வரும்போது எப்படி இருக்கும்?

ஆம்பர்க்கு ஹாம்பர்க்கில் காலே வைத்ததில்லை.

"இன்னா சொல்லுது பாப்பா?" எதிர் நாற்காலியில் அவர் முன்னால் சாய்ந்தார். "துன்னுச்சாமா?"

நான் ரிசீவரைக் கையால் பொத்தினேன். "லைன் சரியில்ல."

"குடு, நான் பேசிக்கறேன்." பிடுங்கிக்கொண்டார். ஜெர்மனிக்குக் குரல் போய்ச் சேர வேண்டும் என்பதால் கூரை அதிரக் கத்தினார். "பாப்பா! கறிவூஸ்ட்டு துன்னியா? எப்டி கீது? நம்மளுது மாரியே கீதா? ஆறிப்போயித்தான குடுக்குறான்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வசந்தா அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மெல்ல விரிந்தது. "ஆங்... ஆங்... அப்டி சொல்லு என் ராசாத்தி!" ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினார். "ஏய் எல்லம்மா! கேட்டுக்கினியா? ஜில்லுனுதான் கீதாம்! பாப்பா சொல்லிடுச்சு!"

"என்னம்மா சொன்ன அவர்கிட்ட?" என்றேன் மெதுவாக.

"ஆறிப்போய்த்தான் இருந்துச்சுன்னேன்."

"பொய்தானே?"

"இல்லப்பா. முதல் துண்டு சூடா சாப்பிட்டேன். யாரோ தெரியாதவங்க வீட்டுல சாப்பிடற மாதிரி இருந்துச்சு. தட்டை பெஞ்சுல வெச்சிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். நல்லா ஆறினப்புறம் சாப்பிட்டா, அப்படியே நம்ம காம்பவுண்டுப்பா. காரம்தான் இல்ல. இன்னொரு பிளேட் வாங்கி, அதையும் ஆற வெச்சு சாப்பிட்டேன்."

இரண்டு பிளேட். கோயம்புத்தூரில் அவள் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது.

கப்பலைப் பற்றி நான் அவரிடம் கேட்கவே இல்லை. மலர் அங்கேயே வேலை பார்த்து, குடும்பமாகி, வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிறாள். இன்றும் போன் வந்தால் சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்கிறேன். விருந்தாளிகள் வந்தால் எங்கள் வீட்டில் கறிவூஸ்ட் உண்டு. பொரித்து, வெட்டி, சாஸ் ஊற்றி, ஃபேனுக்குக் கீழே வைப்பேன். சூடாகத் தரக் கூடாதா என்று யாராவது கேட்பார்கள்.

"ஜெர்மனியில் இப்படித்தான்" என்று நானே சொல்லிவிடுவேன்.