ஓனோவுக்கு ஒரு மலை

கல் ஆடியது.

மேனேஜர் ஆறுமுகசாமி பீடத்தைத் திருப்பி வைத்தார். அப்போதும் ஆடியது. விடிந்தால் பனியன் வாங்கும் ஜப்பான்காரர் ஓனோ வருகிறார்.

"இந்த வருசமும் ஆர்டர் வீரபாண்டிக்காரங்களுக்குப் போச்சுன்னா, மேனேஜரும் அங்கயே போயிக்கலாம்" என்று முதலாளி பசீர் அகமது சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்ததுதான் பயமாக இருந்தது.

ஆனால் ஆறுமுகசாமிக்கு ஒரு ரகசியம் தெரியும். போன வருடம், அருள்புரம் பனியன் கம்பெனியின் மாடி ஜன்னலில் நின்றபோது, மதிலுக்கு அப்பால் ஓனோ வெயிலில் கல் பொறுக்குவதைப் பார்த்திருந்தார். எடுப்பார், புரட்டுவார், போட்டுவிடுவார். கடைசியில் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மறைந்தார்.

மிச்சத்தை நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டார். ஜப்பானில் மலைபோலத் தோன்றும் கல்லைப் பீடத்தில் வைத்து, பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். உளி படக்கூடாது. கல்லுக்கு ஏற்றபடி பீடத்தைத்தான் குடைய வேண்டும்.

நொய்யல் ஆற்றில் அகப்பட்ட கல்லுக்கு மூன்று சிகரம். பீடம் குடைய ஆசாரிக்கு நேரமில்லை. அம்மி கொத்துகிறவர் கல்லின் அடியைக் கொத்தி மட்டமாக்கிக் கொடுத்தார்.

கொத்திய விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தது. காங்கேயம் தேங்காயெண்ணெயைத் தடவினார். கல் கருகருவென்று மின்னியது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், கல்லின் நெற்றியில் குங்குமம். எதிரே சூடம்.

"யாரு வேல இது?"

செக்கிங் பிரிவு ஒச்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எண்ணெய்க் காப்பும் போட்டு, சாமிய வெறும் நெத்தியா விட்டிருக்கீகளே சார்!"

துடைக்கத் துடைக்கக் குங்குமம் பரவியது. ப்ளீச்சிங் தொட்டியில் போட்டார்கள். திட்டுத் திட்டாக வெளுத்தது. சாயப்பட்டறைச் சாமியப்பனிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"கருப்புப் போட்டுக் குடுங்க."

"துணின்னா ஷேடு சொல்லலாமுங்க. கல்லுக்கு கேரண்டி இல்லீங்க."

நீலமாக வந்தது.

"என்னங்க இது?"

"தூரத்து மலை நீலமாத்தானுங்க இருக்கும்."

மறுநாள் டிரைவர் சனாவுல்லா கார்க் கதவைத் திறந்துவிட, ஓனோ இறங்கினார். வாசலில் பீடத்தோடு வைத்திருந்த கல்லின் முன் நின்றார். வெகுநேரம் நின்றார். தூக்கிப் பார்த்தார். அடியைத் தடவினார். முகமெல்லாம் சிரிப்பு.

ஆர்டரில் கையெழுத்தானது.

"கல்லைச் சாருக்கே குடுத்துருங்க" என்றார் முதலாளி. ஓனோ குனிந்து, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஆறுமுகசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

கேட்டைத் தாண்டியதும் அம்பாசடர் நின்றது. என்னவோ ஏதோவென்று ஆறுமுகசாமி ஓடினார்.

ஓனோ காரை விட்டு இறங்கினார். பீடத்தைச் சீட்டிலேயே விட்டுவிட்டு, நீல மலையை மட்டும் எடுத்துவந்து பின்சக்கரத்துக்கு அடியில் கச்சிதமாகச் சொருகினார்.

சனாவுல்லா ஜாக்கியோடு வந்தான்.

"போன வருசமும் இதே எடத்துலதான் பஞ்சருங்க. அன்னிக்கு முட்டுக்கல்லுத் தேடிச் சாரு வெயில்ல பட்ட பாடு! இந்தத் தடவ நீங்களே ஞாபகமா அடி மட்டமாக் கொத்தி வெச்சிருந்தீங்க பாருங்க, அதுதாங்க மேனேஜரு!"