பார்கோடும் பங்கஜம் மாமியின் நட்சத்திரமும்

பங்கஜம் மாமி மூன்று புத்தகங்களை மேஜைமேல் போட்ட வேகத்தில் ராஜகோபாலனின் காப்பி டம்ளர் ஒரு குதி குதித்து உட்கார்ந்தது.

“மூணும் படிச்சது!” என்றாள் மாமி.

“எந்த மூணு மாமி?”

“நேத்திக்கு நீ குடுத்த மூணும்தான். ஒண்ணுல நூத்தி நாப்பதாம் பக்கம் வரைக்கும் போயிட்டேன். அந்த மாமனார் காசிக்குக் கிளம்பறார் பாரு, அப்பதான் உறைக்கறது, இவர் திரும்பி வரப்போறதில்லைன்னு. இந்த மனுஷருக்காக நான் ஏற்கெனவே ஒரு தடவை அழுதாச்சு. இன்னொரு தடவையும் அழணுமா?”

“முப்பத்தேழாம் பக்கம் பாக்கலியா மாமி?”

“பாத்தேன். அங்கேதான் நீ கறுப்புக் கோடு கோடா ஒட்டி வெச்சிருக்கியே!”

ராஜகோபாலன் புத்தகத்தைப் புரட்டினார். முப்பத்தேழாம் பக்கத்தில் அவர் ஆசை ஆசையாக ஒட்டிய பார்கோடு லேபிள் பளபளவென்று இருந்தது.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் பன்னிரண்டு வருஷமாக வாடகை நூல் நிலையம் நடத்துகிறார். மொத்தம் ஆயிரத்து ஐநூறு புத்தகம். ஒவ்வொன்றிலும் முப்பத்தேழாம் பக்கத்தில் நூல் நிலையத்து முத்திரை இருக்கும். அந்த முத்திரையைச் சுற்றி அங்கத்தினர்கள் ஆளுக்கொரு குறி போட்டு வைப்பார்கள். சாந்தோம் துரைராஜ் வாத்தியார் ஒரு மீன் போடுவார். பங்கஜம் மாமி பென்சிலால் ஒரு நட்சத்திரம். படித்த கதை மறந்துவிடும், போட்ட குறி மறக்காது. புத்தகம் எடுக்க வந்தால் முதலில் முப்பத்தேழைப் பார்ப்பார்கள். தன் குறி இருந்தால், அதைப் படித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்த ஏற்பாட்டுக்கு ராஜகோபாலன் வைத்திருந்த பெயர் ‘கிறுக்கல்’.

சென்ற மாதம் ஜவஹர் என்று ஒரு கம்ப்யூட்டர் விற்பனையாளன் வந்தான். “தொண்ணூத்தெட்டாம் வருஷம் சார் இது. இன்னமும் லெட்ஜரா? பார்கோடு லேபிளை ஒட்டி, சிவப்பு லைட்டைக் காட்டினா ஒரு பீப். யார் எடுத்தது, எப்ப எடுத்தது, எல்லாம் ஸ்க்ரீன்ல வந்துடும்” என்றான். ராஜகோபாலன் அந்தப் பேச்சில் விழுந்துவிட்டார். லேபிளை எங்கே ஒட்டுவது என்று யோசித்தார். அட்டைக்குப் போட்ட காக்கி உறையை வருஷா வருஷம் மாற்றவேண்டும். முப்பத்தேழாம் பக்கத்தில் ஒட்டினால் கிறுக்கலும் மறையும், லேபிளும் பத்திரமாக இருக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் கபாலி. புத்தகம் எடுத்து வைப்பது, தூசி தட்டுவது, முத்திரை குத்துவது எல்லாம் அவன் வேலை. தொண்ணூற்று மூன்று மழையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவனுக்கு முட்டி சரியில்லை.

“வாணாம் சார். அந்தப் பக்கத்துல கைய வெக்காத. ஜனங்க பாவம்” என்றான்.

“உனக்கு விஞ்ஞானம் தெரியாது கபாலி” என்றார் ராஜகோபாலன். விஞ்ஞானம் இப்போது காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது.

“அடையார்ல ஏசி போட்டு புது லைப்ரரி திறந்திருக்கா, தெரியுமோன்னோ?” என்றாள் மாமி.

தெரியாமல் என்ன? அதை நினைத்துத்தான் அவருக்கு ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. மாமி ஒருத்தி போனால் ஒருத்தி அல்ல. அவளுடைய திருப்பாவை கோஷ்டியில் இருபத்திரண்டு பேர். மாமி சேர்ந்த இடத்தில் சேர்ந்தவர்கள், மாமி விலகினால் விலகுவார்கள். அவர்கள் போய்விட்டால் நூல் நிலையத்தில் மிஞ்சுவது ஒன்பது அங்கத்தினர்களும் கபாலியும்தான். கட்டடக்காரர் வேறு அந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைக்கலாமா என்று டேப்பை எடுத்து அளந்துவிட்டுப் போயிருந்தார்.

“ஒரு நிமிஷம் மாமி. லேபிளை எடுத்துடறேன். உங்க நட்சத்திரம் அடியிலதான் இருக்கும்.”

ஈரத் துணியால் ஒற்றி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். லேபிள் வந்தது. அதோடு முப்பத்தேழாம் பக்கமும் வந்தது.

மாமி கிழிந்த இடத்தைப் பார்த்தாள். “இது துப்பறியும் நாவல்.”

“தெரியும் மாமி.”

“சாவி யார்கிட்ட இருந்ததுன்னு இந்தப் பக்கத்துலதான் சொல்லியிருப்பான்.”

“தெரியும் மாமி.”

“இனிமே படிக்கறவாளுக்குத் தெரியாதே!”

ராஜகோபாலனுக்கு ரோஷம் வந்தது. மிஷினால் வந்த வினையை மிஷினாலேயே தீர்ப்பது என்று தீர்மானித்தார். பன்னிரண்டு வருஷத்து லெட்ஜரையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், எந்தப் புத்தகத்தைக் காட்டினாலும் ‘படித்தது’, ‘படிக்காதது’ என்று அதுவே சொல்லிவிடும். மாமியிடம் ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு கடையைப் பூட்டினார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் ஏற்றினார். விரல் வீங்கியது.

எட்டாம் நாள் மாமி வந்தாள். வெளியே பையும் கையுமாக அவள் கணவர் வைத்தியநாதன் நின்றார். கடைக்குள் வந்தால் கருத்துச் சொல்லவேண்டியிருக்கும் என்று அவர் எப்போதும் வாசலோடு சரி.

முதல் புத்தகம். பீப். படித்தது.

இரண்டாவது. பீப். படித்தது.

மூன்றாவதற்கு மிஷின் கொஞ்சம் யோசித்தது. பீப். ‘படித்தது. நான்கு தடவை.’

மாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டையைப் படித்தாள். ‘சந்நியாசம் வாங்கிக்கொள்வது எப்படி?’

“இதை நான் கையாலகூடத் தொட்டதில்லையே!”

“கார்டு நம்பர் பதினேழு மாமி. உங்காத்துக் கார்டுதான்.”

மாமி மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தாள். வைத்தியநாதன் வானத்தைப் பார்த்தார்.

“ஏன்னா, இங்க வாங்கோ. இது என்ன?”

“அதுவா… அட்டை நன்னா இருந்ததுன்னு எடுத்தேன்.”

“நாலு தடவையுமா?”

அந்த வாரம் முழுவதும் வைத்தியநாதன் பகல் சாப்பாட்டை சபா கேண்டீனில் முடித்துக்கொண்டார். மார்கழிக் கச்சேரி சீசனாக இருந்ததால் பிழைத்தார்.

செய்தி அன்று மாலைக்குள் கோயில் குளத்தைச் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் துரைராஜ் வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காதோடு பேசினார்.

“நம்ம பொண்ணுக்கு மந்தைவெளியில ஒரு எடம் வந்திருக்குப்பா. அவங்க உன்கிட்ட மெம்பராமே? மாப்பிள்ளை வீட்டுக் கார்டைக் கொஞ்சம் தட்டேன். பையன் என்ன படிக்கிறான்னு பார்த்துக்குவோம்.”

“சார், அதெல்லாம் சொல்லக்கூடாது.”

“சொல்லக்கூடாத அளவுக்கா படிக்கிறான்?” என்று வாத்தியார் எழுந்து போனார். சம்பந்தம் நின்றுவிட்டது. சாயங்காலம் மந்தைவெளிக்காரர்கள் வந்து சண்டை போட்டுவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்பதில் ஒன்று குறைந்தது.

ராஜகோபாலன் ஜவஹரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

“மிஷின் மேல தப்பில்லை சார். ஒரு வீட்டுக்கு ஒரு கார்டுன்னு வெச்சது நீங்கதானே? ஆளுக்கு ஒரு நம்பர் குடுங்க. லெட்ஜர்ல எடுத்தவங்க கையெழுத்து இருக்குமே?”

இருந்தது. பங்கஜம் மாமி எங்கே கையெழுத்துப் போட்டாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவாள். ராஜகோபாலன் பன்னிரண்டு வருஷத்துப் பிள்ளையார் சுழிகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாமியின் கணக்கில் சேர்த்தார். இன்னொரு வாரம் போயிற்று. இப்போது அடுத்த விரலும் வீங்கியது. ஆனால் மனசு நிறைந்திருந்தது. இனி ஒரு தப்பு வராது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம் போலிருந்தது.

கூடவே, ஒரு முன்ஜாக்கிரதையாக, மாமியைக் குளிரவைக்க வெள்ளிக்கிழமை தி. நகர் போய் அச்சு மை வாசனை போகாத ஒரு புது நாவலும் வாங்கி வந்தார். “முத்திரை குத்தி மேல் தட்டுல வை கபாலி. யாருக்கும் குடுத்துடாதே. மாமிக்கு” என்று ஒப்படைத்தார்.

திங்கட்கிழமை காலை மாமி கோஷ்டியோடு வந்தாள். இருபத்திரண்டு பேரும் உள்ளே நுழைய, வைத்தியநாதன் வழக்கம்போல வாசலில்.

“இதுதான் கடைசி, ராஜகோபாலா. சரியாச் சொல்லித்துன்னா இருக்கோம். தப்பாச் சொல்லித்துன்னா அடையார்” என்றாள் மாமி. பிறகு குடையைத் தூக்கி உச்சியைக் காட்டினாள். “மேல் தட்டுலேர்ந்து பத்து எடுக்கச் சொல்லு.”

கபாலியின் முகம் சுண்டிப்போயிற்று. “மேல் தட்டா? அதெல்லாம்தான் நீ எப்பவோ முடிச்சிட்டியே மாமி!”

“ஆமாண்டா. தொண்ணூத்தி மூணுலயே முடிச்சாச்சு. எடுக்க எடுக்க எல்லாத்துலயும் என் நட்சத்திரம். அதான் அந்தப் பக்கம் போறதையே விட்டேன். மிஷினுக்கு அது தெரியறதா பாப்போம்.”

கபாலி ஏணியில் ஏறினான். ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘அப்பாடி’. பத்து புத்தகம் இறங்கி வந்தது.

ராஜகோபாலன் மனசுக்குள் கபாலீசுவரரை வேண்டிக்கொண்டு சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினார்.

பீப். படிக்காதது.

இரண்டாவது. படிக்காதது. மூன்றாவது, நான்காவது… பத்தும் படிக்காதது.

கோஷ்டி ‘ஹோ’ என்று சிரித்தது.

“மாமி, லெட்ஜர்ல இல்லை. ஒண்ணுலகூட உங்க பிள்ளையார் சுழி இல்லை. நானே பாத்தேன்!” என்றார் ராஜகோபாலன்.

“அப்போ நான் பொய் சொல்றேனா?”

முட்டியைத் தடவிக்கொண்டிருந்த கபாலிதான் வழி சொன்னான்.

“இன்னாத்துக்கு சார் தகராறு? பக்கத்தைத் தூக்கி டியூப் லைட்டாண்ட காட்டு. லேபிளுக்கு அடில இன்னா கீதுன்னு தெரிஞ்சிடப் போவுது.”

காட்டினார். லேபிளின் கறுப்புக் கோடுகளுக்கு நடுவே, ஐந்து முனையோடு, பென்சில் நட்சத்திரம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது. பத்திலும் தெரிந்தது.

ராஜகோபாலன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு விரல், இரண்டு வாரம், பன்னிரண்டு வருஷத்து லெட்ஜர் எல்லாம் ஒரு பென்சிலுக்கு முன்னால் தோற்றுப்போனது. அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

“இவ்வளவு பொய் சொல்ற மிஷின், எங்காத்து மனுஷர் விஷயத்துல மட்டும் உண்மையா சொல்லியிருக்கும்?” என்றாள் மாமி.

“நான் அப்பவே சொன்னேனே!” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. சந்நியாசப் புத்தகம் அகப்பட்ட நாளுக்குப் பிறகு வைத்தியநாதன் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

மாமி பையிலிருந்து கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கோபமாகக்கூட வைக்கவில்லை. அதுதான் ராஜகோபாலனுக்குத் தாங்கவில்லை.

“மிஷினை விடு. அது கிடக்கு. இங்கே எனக்குப் படிக்க என்ன பாக்கி இருக்கு சொல்லு? கீழ் தட்டெல்லாம் படிச்சு முடிச்சு மூணு மாசம் ஆறது. மேல் தட்டு கதை உனக்கே தெரிஞ்சுபோச்சு. பன்னிரண்டு வருஷம் நன்னா நடத்தினே. நன்னா இரு.”

“மாமி, ஒரு நிமிஷம்!” ராஜகோபாலன் துள்ளி எழுந்தார். “உங்களுக்குன்னே ஒரு புது நாவல் வாங்கி வெச்சிருக்கேன். லேபிள்கூட இன்னும் ஒட்டலை. கபாலி, அதை எடு!”

“இன்னொரு தபாவா சார்?”

“எடுடா!”

கபாலி ஏறினான், இறங்கினான். மாமி புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். முகம் கொஞ்சம் மலர்ந்தது. பழக்க தோஷம், கை தானாக முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தது.

“அட ராமா” என்றாள். “இதுவும் படிச்சாச்சு!”

ராஜகோபாலன் எட்டிப் பார்த்தார். முத்திரை. அதன் ஓரத்தில் நட்சத்திரம்.

“வாரப் பத்திரிகையில தொடரா வந்தப்போ படிச்சிருப்பேன் போலிருக்கு” என்று மாமி புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள். “வரேன்ப்பா.”

இருபத்திரண்டு கார்டுகள் மேஜையில் விழுந்தன. கோஷ்டி சந்து முனைக்கு ஆட்டோ பிடிக்கப் போனது.

ராஜகோபாலன் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஒரு காகிதம் நழுவிக் கீழே விழுந்தது. தி. நகர் கடை ரசீது. வெள்ளிக்கிழமைத் தேதி. அவர் ரசீதைப் பார்த்தார். நட்சத்திரத்தைப் பார்த்தார். கடைசியாக, ஏணியின் கீழ்ப் படியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்த கபாலியைப் பார்த்தார்.

கபாலி தலையைத் தூக்காமலே சொன்னான்: “இன்னா சார் பாக்கற, முட்டி போனதிலேர்ந்து மேல் தட்டுல வெக்கிற பொஸ்தகத்துக்கெல்லாம் நான்தான் மாமி ஸ்டாரைப் போட்டுக்கினு வரேன். அது கேக்கறப்பல்லாம் ஏணில ஏறப்போறது நீயா, நானா?”