பக்கத்து மெஷினைவிட ஒன்று கூடுதல்

1. ஆபீஸ் ஜிம்மில், புதிதாகச் சேர்ந்த பையன் ட்ரெட்மில்லைப் பன்னிரண்டில் வைத்து ஓடினான்.
2. பக்கத்து ட்ரெட்மில்லில் இருந்த, நாங்கள் 'ப்ளஸ் ஒன்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த அக்கா பதின்மூன்றை அழுத்தினார்.
3. அக்கா தூக்கியெறியப்பட்டு, பின்னாலிருந்த தண்ணீர் கேன்மேல் போய் விழுந்தார்.

ஹைதராபாத் முழுக்கத் தேடினாலும் தனக்கென்று ஒரு வேகம் இல்லாத மனுஷி அவர் ஒருவர்தான். பக்கத்தில் இருப்பவரைவிட ஒன்று கூடுதல், அதுதான் அவர் வேகம். தொப்பை மேனேஜர் இரண்டில் நகர்ந்தால் இவர் மூன்றில் நகர்வார். பக்கத்தில் யாருமே இல்லையென்றால் மெஷின்மேல் ஏறி, பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நிற்பார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்யதை கிடையாது. சாஃப்ட்வேர் ரிலீஸ், ரிலீஸ் என்று உழைத்துச் சோர்ந்த என் கால்கள் நான்குக்கு மேல் ஓடாது. அதை யாரும் பார்த்துவிடக்கூடாதென்று திரைமேல் துண்டைப் போட்டு மூடியிருப்பேன். ரயில்வே காலனியில் தமிழர்களோடு வளர்ந்த ஹைதராபாத் ட்ரெய்னர் அதையும் விடவில்லை. "காய்கு மேடம், எதுக்கு இந்த மெஷின்? இந்த ஸ்பீடுக்கு கேண்டீன் போயிட்டு வந்தா போதுமே."

விழுந்த பிறகு டாக்டர் அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓடினால் முட்டிக்கு ஆபரேஷன், நடக்காவிட்டால் சர்க்கரை ஏறும், ஐந்தில் நடந்தால் இரண்டுக்கும் நல்லது. அக்காவின் கவலை வேறு.

"பக்கத்துல ஏழு ஓடுதத பாத்துக்கிட்டு அஞ்சுல எப்படிட்டி நடக்கது?"

மறுநாள் அவருக்குப் பக்கத்து மெஷினில் ஏறினேன். துண்டை எடுத்தேன். நான்கு. அக்கா எட்டிப் பார்த்தார், பரிதாபப்பட்டார், ஐந்தை அழுத்தினார். அன்றிலிருந்து அதுவே எங்கள் ஏற்பாடு; வாயால் பேசிக்கொண்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை எழவே முடியாமல் மேஜைமேல் தலை சாய்த்திருந்தேன். அக்கா நொண்டிக்கொண்டு என் இடத்துக்கே வந்துவிட்டார்.

"நீ வரலன்னா நான் எத்தனைல வைக்கது, சொல்லு?"

எழுந்து போனேன்.

பிறகு அவர் மாற்றல் வாங்கிச் சென்னைக்குப் போய்விட்டார். முட்டிக்கு ஆபரேஷன் தேவைப்படவே இல்லை. நான் இன்னும் நான்கில்தான் இருக்கிறேன், துண்டு இல்லாமல். பக்கத்தில், ஐந்தில், யாரும் இல்லை.