வலப்பக்கம் திரும்பாத ஜீப்பு

வெள்ளிமலைப் பாதை,
மூன்றாவது வலது வளைவு,
காலை பத்தே முக்கால்.

இன்று முதல் சம்பந்தி என்று அழைக்கக் காத்திருக்கும் மதிப்பிற்குரிய திரு. தமிழரசன் அவர்கள் சமூகத்திற்கு, வடக்கனந்தல் கொளஞ்சியப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது.

தாங்களும் வீட்டாரும் எங்களை எதிர்பார்த்தபடி சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் சௌக்கியம், ஜீப்புக்குத்தான் சரியில்லை. செல்வி சந்தியாவுக்குப் பூ வைக்கப் பத்தரைக்கே வந்துவிடுவோம் என்று சொன்னவன், பாதி மலையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டை முழங்காலில் கவிழ்த்து வைத்து இதை எழுதுகிறேன். போனில் சிக்னல் இல்லை. மேலே வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். நல்ல நேரம் பன்னிரண்டோடு முடிகிறது, அதற்குள் வந்து சேர வழி தெரியவில்லை, தயவுசெய்து மனசை மாற்றிக்கொண்டுவிடாதீர்கள். என் மகன் சுபாஷுக்கு முப்பத்திமூன்று வயது. இதற்கு முன் பார்த்த ஆறு இடமும் கைநழுவிப் போயிற்று. இதுவும் போனால் அவனுக்குக் கல்யாணம் இல்லை, எனக்கு வீட்டில் சோறு இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜீப்புக்கு இருபத்தெட்டு வயது, நாலு டயரும் வழுக்கை. கள்ளக்குறிச்சியில் டயர் கடை வைத்திருக்கும் உமர் பாரூக் தங்கமான மனுஷன். "அண்ணே, பழைய ரிம்மே நல்லாத்தான் இருக்கு, அதே அளவுல டயரு போட்டுக்குங்க" என்றார். கேட்டிருக்கலாம். ஆனால் கூட வந்தவன் என் மச்சினன் பூமாலை. போனில் டயர் வீடியோ பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டவன். "மாமா, பொண்ணு வூட்டுக்குப் போறோம். ஜீப்பு தெருவுல நுழையும்போதே ஊரு திரும்பிப் பாக்க வேணாமா?" என்றான். பார்க்கட்டுமே என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன். கை அகலத்துக்குக் கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயர், அதற்கு மீசை முறுக்கிப் பார்த்துக்கொள்ளும் பளபளப்பில் அகல ரிம். பாரூக் தலையில் அடித்துக்கொண்டு, "இது ரொம்ப ஜாஸ்திண்ணே, ஸ்டியரிங்க ஒடிச்சா மட்கார்டுல முட்டும். கொஞ்சம் அறுத்து உட்டுடறேன்" என்றார். என் மனைவி லட்சுமியம்மாள் பாய்ந்துவிட்டாள். "நல்ல காரியத்துக்குப் போற வண்டிய அறுக்கறதா? வாயில நல்ல வார்த்தையே வராதா பாய்?" அறுக்கவில்லை. விளைவு, ஜீப்பு வலப்பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. இடப்பக்கம் மட்டும் ஜோராகத் திரும்பும், ஏனென்றால் அதற்குத் தடையாக இருந்த மட்கார்டைப் போன வருஷமே கரும்பு டிராக்டர் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

புது டயர் போட்டால் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு மாரியம்மன் கோயிலை மூன்று முறை வலம் வர வேண்டுமல்லவா? வலம் வருவதற்கு வலப்பக்கம் திரும்பியாக வேண்டும். எங்கள் வண்டி இடமாகக் கிளம்பியது. பூசாரி சடையன் கற்பூரத் தட்டோடு குறுக்கே வந்து, "எடமா சுத்தறதுக்கு இது இன்னா எழவு வூடா?" என்று கத்தினார். பூமாலைக்கு மூளை வேலை செய்தது. ரிவர்ஸில் போனால் அதே இடது ஒடிப்பு வலமாகிவிடும் என்றான். அப்படியே ஆயிற்று. பின்பக்கத்தை முன்னால் விட்டுக்கொண்டு மூன்று சுற்று. கடைசிச் சுற்றில், கோயில் வாசலில் காய்ச்சி வைத்திருந்த கூழ்ப் பானை போயிற்று.

இந்த மலைப் பாதையில் ஒன்றுவிட்டு ஒன்று வலது வளைவு. முதல் வளைவில் முன்னே நாலடி, பின்னே மூன்றடி என்று பதினொரு தரம் போய் வந்து திரும்பினோம். இரண்டாவதில் எல்லோரும் இறங்கித் தள்ளியதில் சுபாஷின் பட்டு வேட்டி செம்மண் நிறமாயிற்று. மூன்றாவதில் டயர் மட்கார்டில் போய் உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. மலையையும் ரிவர்ஸிலேயே ஏறிவிடலாம் என்றான் பூமாலை. "அப்புறம் எடது வளைவுல இன்னா பண்ணுவீங்க மாமா?" என்று சுபாஷ் கேட்டான். கேட்டுவிட்டு ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். தலைகுனிந்து வேட்டியிலிருந்து செம்மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிறான். எல்லாம் என் பவிசால் வந்த வினை.

பஸ்சில் வந்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். மாப்பிள்ளை வீட்டார் பஸ்சில் வந்து இறங்கினால் உறவுக்காரர்கள் முன்னால் தங்களுக்கல்லவா தலைகுனிவு? தங்கள் கௌரவத்தை நினைத்துத்தான் வரவில்லை. எனவே பெரிய மனது பண்ணி அடுத்த முகூர்த்தம் பார்த்துச் சொல்லவும். செல்வி சந்தியாவுக்கு எங்கள் ஆசிகள், தங்கள் துணைவியாருக்கு வணக்கம், அடுப்பில் இருக்கும் சமையலுக்கு எங்கள் மன்னிப்பு.

சம்பந்தியாகும் ஆசையோடு,
வ. கொளஞ்சியப்பன்

பி.கு.: எழுத்து ஆடுவதற்குக் காரணம், இதை ஓடுகிற பஸ்சில் எழுதுகிறேன். கடிதத்தை நானே நேரில் தருவேன், மேலே உள்ளதை விட்டுவிட்டு இதை மட்டும் படிக்கவும். பஸ்சிலிருந்தவர்கள் இறங்கி ஜீப்பை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். கண்டக்டர் கடிதத்தைத் தொடவில்லை. "வெள்ளிமலைக்குத்தான போறோம், இன்னாத்துக்கு லெட்டரு? சீட்டு காலியா கெடக்குது, ஏறுங்க" என்றார். நான் கௌரவத்தைப் பற்றி விளக்குவதற்குள் லட்சுமியம்மாள் தட்டுகளோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பூமாலை ஜீப்புக்குக் காவல். நான் மட்டும் படிக்கட்டின் கீழே தயங்கி நின்றேன். இந்த முப்பத்திமூன்று வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பிள்ளை, பஸ்சுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க ஜீப்புலயே மெதுவா வாங்கப்பா. நான் போய்க்கினு இருக்கேன்" என்றான். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.